ஹாக்கி ஜெர்சி சேகரிப்பு: வேலூர் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் ஏற்ற பராமரிப்பு

ஹாக்கி ஜெர்சிகளைச் சேர்த்துப் பாதுகாப்பது பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. துணி மடித்து வைத்திருக்கும் அறை ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சியில் இருக்கும் என்பதையும், குழாயைத் திறந்தால் மென்மையான தண்ணீர் வரும் என்பதையும் அவர்கள் சொல்லாமலேயே எடுத்துக்கொள்கிறார்கள். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் வட்டாரத்தில் சித்திரை பிறந்ததும் வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. பல வீடுகளில் துவைக்கக் கிடைப்பதோ ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். ஆகவே அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுகிறவர்கள், நல்ல ஜெர்சியையும் சில ஆண்டுகளில் எண்கள் ஒட்டிக்கொண்ட, நிறம் மங்கிய துணியாக ஆக்கிக்கொள்ள நேரும். இங்கே முதலில் கவனிக்க வேண்டியவை சூடும் தண்ணீரும்தான். பூச்சி, தூசி முதலியவை அதற்குப் பிறகுதான்.

எதைச் சேர்ப்பது

கண்ணில் படுவதையெல்லாம் வாங்காமல் ஒரு வரிசையைத் தேர்ந்துகொள்வது நல்லது. இந்திய அணியின் நீல ஜெர்சியை ஆண்டுவாரியாகச் சேர்ப்பதே பலரும் தொடங்கும் இடம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வாசுதேவன் பாஸ்கரன் காலத்து ஜெர்சியோ, 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடிய தன்ராஜ் பிள்ளை அணிந்ததோ சாதாரணச் சேகரிப்பாளர் கைக்கு எளிதில் வருவதில்லை. அப்படி ஒன்று எளிதில் வந்தால் முதலில் ஐயப்பட வேண்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸிலும் வெண்கலம் வென்ற அணிகளின் ரசிகர் ஜெர்சிகள், 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் மலேசியாவை 4-3 என வென்ற ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியின் ஜெர்சிகள் ஆகியவை புதிதாகத் தொடங்குகிறவருக்கு எட்டக்கூடியவை.

தமிழ்நாட்டுக்காரருக்கு இதைவிடச் சுவையான வரிசை ஒன்று உண்டு. பிரீமியர் ஹாக்கி லீக்கில் ஆடிய சென்னை வீரன்ஸ், 2012இல் ஒரே ஒரு பருவம் மட்டும் நடந்த வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியின் சென்னை சீட்டாஸ், ஹாக்கி இந்தியா லீக் 2024 இறுதியில் மீண்டும் தொடங்கியபோது வந்த தமிழ்நாடு டிராகன்ஸ் ஆகிய மூன்று அணிகளின் ஜெர்சிகளையும் ஒருசேர வைத்திருப்பது, நம் பக்கத்துத் தொழில்முறை ஹாக்கியின் வரலாற்றையே கையில் வைத்திருப்பதாகும். முதல் இரண்டும் இன்று கடைகளில் கிடைப்பதில்லை. அந்த நாளில் ஆடியவர்கள், அணியோடு பணி செய்தவர்கள் வீட்டுப் பீரோக்களில்தான் இருக்கும்.

இன்னும் அரியவை, ரயில்வே, ஐ.சி.எஃப். (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை), இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை போன்ற நிறுவன அணிகளின் ஜெர்சிகளும், மாவட்ட, கல்லூரி, பள்ளி அணிகளின் ஜெர்சிகளும் ஆகும். இவை எக்காலத்திலும் விற்பனைக்கு வந்தவை அல்ல. காட்பாடி சந்திப்பைச் சுற்றி ரயில்வேக் குடும்பங்களுக்குக் குறைவில்லை என்பதால், அக்கம்பக்கத்தில் முறையாகக் கேட்டுப் பார்ப்பது பயன் தரலாம். ஆனால் இத்தகைய ஜெர்சி பல நேரங்களில் வீரருடைய சொத்தாக இருப்பதில்லை. போட்டி முடிந்ததும் நிறுவனத்திடம் திருப்பித் தர வேண்டியதாக இருக்கும். எனவே விளையாட்டுப் பொறுப்பாளரின் சம்மதத்தையும் பெற வேண்டும். பள்ளி மாணவரிடமிருந்து வாங்குவதாக இருந்தால் பணம் கொடுப்பதைக் காட்டிலும் அதே அளவில் புது ஜெர்சி ஒன்றைத் தைத்துக் கொடுத்துப் பழையதைப் பெற்றுக்கொள்வது இரு தரப்புக்கும் மதிப்பான முறை. அந்தப் பையனுக்கு அடுத்த வாரமும் ஆட்டம் இருக்கும்.

அசலா, நகலா

நகல் ஜெர்சி வைத்திருப்பதில் தவறேதும் இல்லை. நகலை அசல் விலைக்கு வாங்குவதுதான் தவறு. வீரர் களத்தில் அணிந்தது, வீரருக்காகத் தைக்கப்பட்டும் அணியப்படாதது, ரசிகர்களுக்காக விற்கப்பட்டது, உள்ளூர்க் கடையில் அச்சிடப்பட்டது என நான்கு வகைகளையும் மனத்தில் பிரித்துக்கொண்டு, விற்பவர் எந்த வகையைச் சொல்கிறார் என்பதை முதலிலேயே தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்.

இந்திய அணி ஜெர்சியின் காலத்தைச் சரிபார்க்கச் சில உறுதியான அடையாளங்கள் உள்ளன. நாட்டின் ஹாக்கியை நிர்வகிக்கும் ஹாக்கி இந்தியா அமைப்பு 2009இல் உருவானது. அதற்கு முற்பட்டது என்று சொல்லப்படும் ஜெர்சியில் அதன் சின்னம் இருக்க இயலாது. ஒடிசா அரசு 2018இல் அணியின் விளம்பர ஆதரவாளரானது. அதற்கு முன் நெடுங்காலம் மார்பில் இருந்தது சகாரா நிறுவனத்தின் பெயர். ஆகவே 2014 உலகக் கோப்பையில் அணிந்தது என்று ஒருவர் காட்டும் ஜெர்சியில் ஒடிசாவின் பெயர் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஒலிம்பிக் விதிகள் உடையில் விளம்பரதாரர் பெயரை அனுமதிப்பதில்லை. உடையைத் தயாரித்த நிறுவனத்தின் சிறு முத்திரைக்கு மட்டுமே இடம் உண்டு. எனவே ஒடிசாவின் பெயருள்ள ஜெர்சி ஒன்றைப் பாரிஸ் ஒலிம்பிக் களத்தில் அணிந்தது என்று சொன்னால் அது பொருந்தாது. அதுபோலவே, 2024 ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்ற கோல் கீப்பர் ஸ்ரீஜேஷின் 16ஆம் எண்ணை இந்திய சீனியர் அணியில் இனி யாருக்கும் வழங்குவதில்லை என ஹாக்கி இந்தியா அறிவித்துவிட்டது. அதற்குப் பிந்தைய தொடர் ஒன்றில் வேறொருவர் அணிந்த 16 என்று வந்தால் அது ரசிகர் அச்சிட்டுக்கொண்டதாகத்தான் இருக்கும்.

களத்தில் அணிந்ததா என்பதைத் துணியே ஓரளவு சொல்லிவிடும். செயற்கைப் புல்தரையில் பாய்ந்து விழுந்த வீரரின் ஜெர்சியில் முழங்கைப் பக்கமும் இடுப்போரமும் துணி உராய்ந்து நுண்ணிய பஞ்சுருண்டைகள் கட்டியிருக்கும். கையுறையின் வெல்க்ரோ பட்ட இடங்களில் இழை இழுபட்டிருக்கும். கோல் கீப்பர் ஜெர்சியானால் இரு அணிகளின் நிறத்திலிருந்தும் வேறுபட்டதாகவும், மார்புக் கவசத்துக்கு மேல் அணிவதால் அளவில் பெரியதாகவும், உட்புறம் அதிகமாக உராய்ந்ததாகவும் இருக்கும். பொய்யாகத் தேய்த்த ஜெர்சியில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் காணப்படும். அந்தச் சீரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இயன்றால் அந்த ஆட்டத்தின் புகைப்படங்களோடு, எண் ஒட்டப்பட்டிருக்கும் சாய்வு, தையல் கோடு, சின்னம் அமைந்த இடம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவும்.

துணியையும் எண்ணையும் அறிந்துகொள்ளுதல்

துவைப்பதற்கு முன் அந்த ஜெர்சி எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்து, ஆட்டம் வேகமெடுத்த பிறகு, பருத்தி மெல்ல மெல்ல விலகிப் பாலியெஸ்டர் அந்த இடத்தைப் பிடித்தது. பழைய பள்ளி, கல்லூரி ஜெர்சிகளில் இன்னும் பருத்தி இருக்கும்; அவற்றின் சாயம் போகுமா என்பதை, ஈரமான வெள்ளைத் துணியை உள்தையலில் சில நிமிடங்கள் அழுத்திப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

பாலியெஸ்டர் ஜெர்சிகளில் துணியைவிட எண்ணும் பெயரும்தான் முதலில் கெடுகின்றன. சப்ளிமேஷன் முறையில் அச்சிட்டிருந்தால் சாயம் இழைக்குள்ளேயே போய்விடுவதால், விரலால் தடவினால் எண்ணுக்கும் துணிக்கும் வேறுபாடு தெரியாது. இது உரிவதும் இல்லை, வெடிப்பதும் இல்லை. தடவும்போது மேலே ரப்பர் போன்ற படலம் தட்டுப்பட்டால் அது சூட்டில் ஒட்டிய வினைல் என்னும் பிளாஸ்டிக் படலம் அல்லது ஸ்கிரீன் பிரிண்டிங். வினைலின் அடியில் உள்ள பசை சூட்டில் ஒட்டியது. சூட்டிலேயே இளகவும் செய்யும். நூலால் தைத்த எண்கள் நீண்ட நாள் உழைக்கும். வெள்ளை எண் ஒட்டிய சிவப்பு ஜெர்சியில் இன்னோர் ஆபத்து உண்டு: அதிகச் சூடு பட்டால் பாலியெஸ்டரின் சிவப்புச் சாயம் மேலேறி வெள்ளை எண்ணை இளஞ்சிவப்பாக்கிவிடும். அதன்பின் அதை மாற்ற வழியில்லை.

துவைத்தல்

களத்தில் அணிந்த ஜெர்சியைத் துவைக்கவே கூடாது என்று சொல்லும் சேகரிப்பாளர்கள் உண்டு. நம் வெப்பத்தில் அந்த வாதம் நிற்காது. வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் கழுத்துப் பட்டையைப் பழுப்பாக்கும். ஈரம் சேர்ந்தால் பூசணம் பிடிக்கும். ஒரே ஒரு முறை மென்மையாக அலசிவிட்டு, உராய்வுகளையும் பந்து பட்ட தடங்களையும் தேய்த்து எடுக்காமல் விட்டுவிடுவதே என் கருத்தில் சரியான நடுவழி. அலசும் முன் எல்லாப் பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி தண்ணீர். உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு போட்டால், நீரிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்காகத் துணியில் படியும். வெள்ளைக் கோடுகள் அழுக்கேறியது போலத் தெரிவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். எனவே கட்டிச் சோப்பைத் தவிர்த்து, மென்மையான திரவச் சலவைப் பொருளைச் சிறிதளவு பயன்படுத்தவும். முதல் அலசலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரே போதும். கடைசி அலசலை மட்டும் காவிரிக் குடிநீரிலோ மழைநீரிலோ முடிக்கவும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைத் துணி துவைக்க எடுத்து வைக்கும் சிக்கனம் வீட்டுத் தரைக்கு நல்லது. ஜெர்சிக்கு ஆகாது, ஏனெனில் வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது.

நேரமும் முக்கியம். கோடையில் மாடித் தொட்டியின் தண்ணீர் நண்பகலில் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டுவிடும். குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும் என்ற விதியை நாம் அறியாமலேயே மீறும் இடம் இது. விடியற்காலையில் பிடித்த தண்ணீரில் துவைக்கவும். ஜெர்சியை உள்வெளியாகத் திருப்பி, வாளியில் கால் மணி நேரம் ஊறவைத்து, கையால் மெல்ல அழுத்தி எடுத்தால் போதும். துவைக்கும் கல்லில் அடிப்பதும், பிரஷ் போடுவதும், முறுக்கிப் பிழிவதும் எண்ணை வெடிக்கச் செய்துவிடும். ப்ளீச்சிங் பவுடர், நீலம், கஞ்சி, துணியை மிருதுவாக்கும் திரவம் எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னது வியர்வையை இழுத்து வெளியேற்றும் பாலியெஸ்டர் இழையின் மேல் மெழுகு போல் படிந்து, நாற்றத்தையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். டிரை கிளீனிங்குக்கும் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அதில் பயன்படும் கரைப்பான்கள் வினைலின் பசையைக் கரைக்கக்கூடும்.

நம் மாவட்டத்து மைதானங்களில் பல இன்னும் மண் தரைகள்தான். செம்மண் கறையை ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இழைக்குள் ஆழமாக இறங்கிவிடும். முழுதாகக் காயவிட்டு, உதறி, மென்மையான தூரிகையால் தட்டிய பிறகே தண்ணீர் காட்ட வேண்டும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும். ஆயுத பூசையன்று புது ஜெர்சியின் கழுத்தில் மஞ்சளும் சந்தனக் குங்குமமும் வைக்கும் வழக்கம் பல அணிகளில் உண்டு. சேகரிப்பில் சேர வேண்டிய ஜெர்சியாக இருந்தால் பொட்டை ஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம். மஞ்சள் மட்டும் பட்டிருந்தால், அந்த இடத்தை மட்டும் சிறிது நேரம் வெயிலில் காட்டினால் வெளிறிவிடும். குங்குமச் சாயம் அவ்வளவு எளிதில் போகாது.

உலர்த்துவது நிழலில். மொட்டை மாடிக் கொடியில் நண்பகல் வெயிலில் போட்டால் நிறமும் மங்கும், வினைலும் இளகும். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில், துண்டின் மேல் படுக்கையாகவோ, தடித்த மூங்கிலின் மேல் இடுப்புப் பகுதி படும்படியோ போட்டால் பாலியெஸ்டர் விரைவில் உலர்ந்துவிடும். இரும்புக் கம்பி ஹேங்கரும் கிளிப்பும் துரு, தழும்பு இரண்டையும் தரும்.

இஸ்திரி தேவையே இல்லை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கரிப் பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது என்பதால், தெருமுனை இஸ்திரி வண்டிக்கு மற்ற சட்டைகளோடு ஜெர்சி போய்விடாதபடி வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைக்க வேண்டும். சுருக்கம் மிகுந்திருந்தால் உட்புறத்தில், இடையே பருத்தித் துணி விரித்து, மின் இஸ்திரியின் மிகக் குறைந்த சூட்டில், எண் உள்ள இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கலாம்.

எடுத்து வைத்தல்

மேல்மாடி அறையில், மேற்குச் சுவரை ஒட்டிய இரும்புப் பீரோ கோடை மாலையில் அடுப்பாகவே ஆகிவிடும். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஜெர்சிகளின் வினைல் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது படலம் பிய்ந்து மற்றதோடு போய்விடும். கீழ்த்தளத்தில், வெயில் படாத உள்சுவரை ஒட்டிய மர அலமாரியே சிறந்தது. எண்ணும் எண்ணும் நேருக்கு நேர் படாதபடி ஒவ்வொன்றுக்கும் இடையில் பட்டர் பேப்பரோ, கஞ்சி போகத் துவைத்த மல் துணியோ வைக்க வேண்டும். எண்ணின் குறுக்கே மடிப்பு விழக் கூடாது. ஆரணிப் பட்டுச் சேலைகளை வெள்ளைத் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு. ஜெர்சிக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்.

ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் காலணிப் பெட்டிகள் எளிதாகக் கிடைப்பதால் பலர் அவற்றில் ஜெர்சிகளை வைக்கிறார்கள். அளவில் பொருத்தமாக இருந்தாலும், சாதாரண அட்டையில் உள்ள அமிலத்தன்மை நாளடைவில் துணியைப் பழுப்பாக்கும். உள்ளே மல் துணி விரித்தபின் பயன்படுத்தலாம், அதுவும் தற்காலிகமாகத்தான். சாயமேற்றிய தோல் பொருள்களோடு வெள்ளை ஜெர்சியை ஒரே தட்டில் வைக்க வேண்டாம், தோலின் சாயம் ஏறிவிடும். ரெக்சின் கிட் பைக்குள் விட்டுவைப்பதும் அப்படியே: ரெக்சினிலிருந்து கசியும் மென்மையாக்கிப் பொருள் எண்களைப் பிசுபிசுப்பாக்கும். அந்துருண்டை பாலியெஸ்டருக்குத் தேவையற்றது. அதன் ஆவி சில பிளாஸ்டிக் படலங்களை இளக்கும், வாசனையும் போகாது. பருத்தி ஜெர்சிகளை இராமபாணப் பூச்சி அரிக்கும் என்பதால் அவற்றுக்கு மட்டும் காய்ந்த வேப்பிலையைச் சிறு துணிப் பையில் கட்டி, துணியில் நேரடியாகப் படாதபடி மூலையில் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, வெயில் வெளுத்த நாளில் அலமாரியைத் திறந்து காற்றாட விட வேண்டும்.

ஒவ்வொரு ஜெர்சிக்கும் வரிசை எண் கொடுத்து, அணி, ஆண்டு, போட்டி, யாரிடமிருந்து எப்போது வந்தது, துவைத்த நாள் ஆகியவற்றை நோட்டில் எழுதவும். எண்ணைத் துணியில் எழுதாமல், சிறு பருத்தி நாடாவில் எழுதி உள்தையலில் இரண்டு தையல் போட்டு இணைக்கவும். குண்டூசி துருப்பிடிக்கும். கொடுத்தவரின் கைப்பட எழுதிய இரண்டு வரி இருந்தால் அதுவே பிற்காலத்தில் பெரிய சான்று. பழைய கிழிசல்களையும் அணியிலேயே போட்ட ஒட்டுத் தையல்களையும் பிரித்துச் சீர்செய்ய வேண்டாம். கிழிசல் பெரிதாகும் அபாயம் இருந்தால் மட்டும் அடியில் மெல்லிய வலைத்துணி வைத்துக் கைத்தையல் போடலாம். இழுபட்ட இழையை வெட்டாமல் ஊசியால் உட்புறம் தள்ளிவிடவும்.

கண்ணாடிச் சட்டமும் கையெழுத்தும்

சுவரில் மாட்ட விரும்பினால், சட்டம் போடுபவரிடம் மூன்று செய்திகளை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: பசையும் ஸ்டேப்ளர் பின்னும் கூடாது, ஜெர்சியைத் தோள், பக்கவாட்டுத் தையல்களின் வழியே அமிலமற்ற அட்டையில் மெல்லிய நூலால் தைத்துப் பொருத்த வேண்டும், கண்ணாடி துணியைத் தொடாதபடி இடையில் கட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் நல்லது. ஆனாலும் வெயில் படும் சுவர் ஆகாது. ஒன்றையே ஆண்டுக்கணக்கில் மாட்டி வைக்காமல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாட்டுவது நிறத்தைக் காக்கும்.

வீரரிடம் கையெழுத்து வாங்கப் போகும்போது துணியில் எழுதும் பேனாவும், ஜெர்சிக்குள் செருக ஒரு தடித்த அட்டையும் கொண்டு செல்லவும். அட்டை இல்லாமல் எழுதினால் வலைத்துணி இழுபட்டு எழுத்து கோணும், மையும் முதுகுப் பக்கம் ஊறும். வழுவழுப்பான வினைல் எண்ணின் மேல் போடும் கையெழுத்து நாளடைவில் உரியும்; துணியின் வெளிர்நிறப் பகுதியைக் காட்டிக் கேட்பது நல்லது. எழுதி முடித்ததும் மடிக்காமல் ஒரு நாள் முழுவதும் நிழலில் விரித்து வைக்கவும். கையெழுத்திட்ட ஜெர்சியை அதன்பின் துவைக்க முடியாது என்பதால், துவைக்க வேண்டியதையெல்லாம் துவைத்து உலர்த்திய பிறகே கையெழுத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆட்டம் முடிந்த களத்திலேயே வியர்வையோடு கையெழுத்து கிடைத்துவிட்டால், மை உலர்ந்த பின், எழுத்தில்லாத கழுத்துப் பட்டையையும் அக்குள் பகுதியையும் மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்தி எடுத்து வைக்கலாம்.